எட்டாம் வாயில்: சாந்தியாகோ தேசிய அரங்கம் பற்றி

கால்பந்து என்றாலே 'மக்களை மயக்கும் அபின்' என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடும் தோழர்கள் உண்டு. அவ்வளவு சுலபமா என்ன?

சிலியின் தலைநகர் சாந்தியாகோவில் உள்ள தேசிய விளையாட்டரங்கம் 1938இல் திறக்கப்பட்டது. 1962 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம் அங்கேதான் நடந்தது. இது விளையாட்டு நிருபர்கள் எழுதும் வரலாறு. 1973 செப்டம்பர் 11 அன்று அயெண்டேயின் அரசை ராணுவம் கவிழ்த்தது. மறுநாளிலிருந்து தொழிலாளிகள், மாணவர்கள், கட்சிக்காரர்கள் என்று பிடித்துக்கொண்டு வந்து இந்த அரங்கத்துக்குள் தள்ளினார்கள். செப்டம்பர் 22 வாக்கில் மட்டும் உள்ளே சுமார் 7,000 பேர் இருந்ததாகச் செஞ்சிலுவைச் சங்கம் கணக்கிட்டது.

(ஒரு திருத்தம். பாடகர் விக்டர் ஹாரா கொல்லப்பட்டது இங்கே அல்ல. 'சிலி அரங்கம்' என்ற வேறொரு உள்ளரங்கில். இன்று அதற்கு அவர் பெயர்தான். நானே ஒரு கூட்டத்தில் மாற்றிச் சொல்லி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

ஃபூக்கோவைப் படித்தவர்கள் இங்கே கொஞ்சம் நிற்கலாம். விளையாட்டரங்கம் என்பது பலர் சிலரைப் பார்ப்பதற்கான வெளி. முகாமான பிறகு பார்வை தலைகீழாகிவிட்டது. பகலில் கைதிகளைப் பார்வையாளர் இருக்கைகளில் உட்கார வைத்தார்கள்; துப்பாக்கியோடு நின்ற சிலர் அந்தப் பலரைக் கண்காணித்தார்கள். இரவில் உடைமாற்றும் அறைகள், படிக்கட்டுக்கடியிலுள்ள இடுக்குகள். பெண்களை நீச்சல்குளத்துப் பக்கத்து அறைகளில் வைத்தார்கள். சைக்கிள் பந்தயத் திடலில் சித்திரவதை. உடலைக் கொண்டாடக் கட்டிய ஒவ்வொரு மூலையும் உடலை உடைக்கப் பயன்பட்டது.

அப்போது சிலிக்கு உலகக் கோப்பைத் தகுதி ஆட்டம் பாக்கி இருந்தது, சோவியத் யூனியனோடு. மாஸ்கோவில் நடந்த முதல் ஆட்டம் 0-0. இரண்டாவது இந்த அரங்கத்தில். ரத்தம் சிந்திய இடத்தில் ஆடமாட்டோம் என்றது சோவியத் தரப்பு. ஃபிஃபா இரண்டு பேரை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. அவர்கள் வந்தபோதும் கைதிகள் கட்டடத்துக்குள்ளேதான் இருந்தார்கள், கண்ணில் படாதபடி. வந்தவர்கள் புல்தரையைப் பார்த்தார்கள்; எல்லாம் அமைதியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தார்கள். 'இயல்புநிலை' என்ற சொல்லாடல் எப்படி உற்பத்தியாகிறது என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

நவம்பர் 21 அன்று சிலி அணி மட்டும் களம் இறங்கியது. எதிரே யாரும் இல்லை. தங்களுக்குள்ளேயே பந்தைக் கடத்திக்கொண்டு போனார்கள். அணித்தலைவர் வால்டெஸ் காலி கோலுக்குள் தட்டிவிட்டார். முன்னதாகவே பிரேசிலின் சாந்தோஸ் கிளப்பைக் கூப்பிட்டு வைத்திருந்தார்கள், வந்த கூட்டம் சும்மா திரும்பக் கூடாதே! சாந்தோஸ் 5-0 என்று ஜெயித்தது. அபின் என்றால் இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் அதே அணியில் ஆடிய காஸ்ஸெலி பின்னாளில் பினோசெயோடு கைகுலுக்க மறுத்தார். 1988 வாக்கெடுப்பின்போது, ராணுவம் கடத்திச் சித்திரவதை செய்த தன் தாயோடு தொலைக்காட்சியில் தோன்றி, 'வேண்டாம்' பக்கம் நின்றார். இரண்டும் ஒரே ஆட்டத்திலிருந்து வந்தவை.

2003இல் அரங்கம் தேசிய நினைவுச்சின்னம் ஆனது. பிறகு புதுப்பித்தார்கள், எங்கும் பிளாஸ்டிக் இருக்கைகள். எட்டாம் வாயிலுக்கு மேலே உள்ள பகுதியில் மட்டும் கைவைக்கவில்லை. கைதிகள் உட்கார்ந்த அதே பழைய மரப் பெஞ்சுகள் அங்கே இருக்கின்றன. ஞாபகமில்லாத மக்களுக்கு எதிர்காலமில்லை என்று மேலே எழுதியிருக்கிறது. ஆட்டம் நடக்கும்போது சுற்றிலும் சிவப்புச் சட்டைகள், கூச்சல். நடுவில் அந்தப் பெஞ்சுகள் காலி. அங்கே உட்கார யாருக்கும் டிக்கெட் கிடையாது.