ஈறு திருத்தும் சிகிச்சை: இஎம்ஐ-ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி

"சிரிச்சா பல்லை விட ஈறுதான் அதிகமா தெரியுது, கல்யாணத்துக்கு முன்னாடி சரி பண்ணிடணும்"னு நினைக்கிறவரா நீங்க? நம்ம சேனல் வீடியோ பார்த்தவங்களுக்கும் இதுல புதுசா விஷயம் இருக்கு, முழுசா படிங்க.

உங்க ஊர் இடைசெவல்னு வச்சுக்குவோம். (ஆமா, கி.ரா.வும் கு.அழகிரிசாமியும் பிறந்த அதே ஊர்தான்.) வேலை ஸ்ரீபெரும்புதூர்ல, கைக்கு வர்றது 24,000. சேமிப்பு 50,000. ஒரு கிளினிக்ல 48,000 ரூபாய் சொல்றாங்க. "நோ காஸ்ட் இஎம்ஐ, மாசம் வெறும் 4,000." உடனே தலையாட்டத் தோணும். கொஞ்சம் பொறுங்க.

முதல் கேள்வி பணம் இல்லை. ஈறு ஏன் அப்படித் தெரியுது? ஈறு பல்லை அதிகமா மூடியிருந்தா, வெட்டிச் சீர்செய்தா பலன் கிடைக்கும். மேலுதடு ரொம்ப மேல ஏறுறதாலயோ, மேல்தாடை எலும்பு நீளமா இருக்குறதாலயோ அப்படித் தெரிஞ்சா, ஈறை மட்டும் வெட்டி பெருசா ஒண்ணும் ஆகாது. பல்லுல கம்பி போட்டவங்களுக்கு அழுக்கு சேர்ந்தும் ஈறு வீங்கும். ஃபிட்ஸுக்குக் கொடுக்கிற ஃபெனிடாயின், பிரஷருக்குக் கொடுக்கிற அம்லோடிபின் மாதிரி மாத்திரையாலயும் சிலருக்கு ஈறு வளரும். அதுக்காக மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லுங்க. அழுக்கால வந்த வீக்கம்னா பல் சுத்தம் பண்ணினாலே நல்லா வடியும். 48,000 எங்க, பல் சுத்தம் பண்ற செலவு எங்க!

இன்னொண்ணு: எலும்பையும் சீராக்க வேண்டிய கேஸ்ல ஈறை மட்டும் வெட்டினா, அது திரும்பக் கீழ இறங்கி வந்துடும். காசும் போச்சு, வலியும் மிச்சம். அதனால எக்ஸ்ரே எடுத்து, ஈறு அளவு பார்த்து, "எனக்கு எலும்பு வேலை தேவையா?"ன்னு கேட்காம அட்வான்ஸ் கட்டாதீங்க. எம்.டி.எஸ் படிச்ச ஈறு நிபுணர்கிட்ட இரண்டாவது கருத்து வாங்குங்க. பல் மருத்துவக் கல்லூரிகள்ல ஈறு நோய்ப் பிரிவு தனியாவே இருக்கும். தனியார் கிளினிக்கை விட செலவு பொதுவா ரொம்பக் குறைவு. என்ன, நேரம்தான் அதிகம் ஆகும்.

இன்சூரன்ஸ்? அழகுக்காகப் பண்ற அறுவை சிகிச்சையை ஹெல்த் பாலிசிகள் பொதுவா விலக்கித்தான் வச்சிருக்கு. மொத்தச் சம்பளம் 21,000-க்குள்ள இருந்தா ஈ.எஸ்.ஐ உண்டு, ஈறுல ரத்தம் வர்றது, வீக்கம்னா முதல்ல அங்க காட்டுங்க. அழகுக்குன்னா எதிர்பார்க்காதீங்க. 80டி-யிலயும் இந்த பில் வராது. மருத்துவச் சேவைக்கு இருக்கிற ஜி.எஸ்.டி விலக்கு அழகு சிகிச்சைக்குக் கிடையாது, அதனால சொன்ன தொகையில வரி சேர்ந்திருக்கான்னு கேட்டு எழுதி வாங்குங்க.

இப்போ அந்த இஎம்ஐ. "ரொக்கமா கட்டினா எவ்வளவு?"ன்னு கேளுங்க. 45,000-னு சொன்னாங்கன்னா அந்த 3,000-தான் ஒளிஞ்சிருக்கிற வட்டி. பிராசஸிங் கட்டணம் 999, அதுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி, ஆக 1,179. மொத்தம் 4,179 கூடுதல். மாசாமாசம் அசல் குறையுறதால உண்மையான வட்டி வருஷத்துக்கு சுமார் 17 சதவீதம்! ஜீரோ வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிடுச்சு. அதுக்காக அவசர நிதி 50,000-ஐ வழிச்சு எடுத்துக் கொடுக்கவும் வேண்டாம். மாசம் 4,500 தனி ஆர்.டி. போட்டா பத்தே மாசம். அழகு சிகிச்சை அதுவரைக்கும் காத்திருக்கும். அப்பாவோட ஆஸ்பத்திரிச் செலவு காத்திருக்காது.

அடுத்து லீவு. ஈறு மட்டும்னா மரத்துப்போகிற ஊசியோட ஒரு அமர்வுல முடியும். வெள்ளிக்கிழமை பண்ணிட்டு திங்கள் வேலைக்குப் போறவங்க உண்டு. மேல்புண் ஆற ஒண்ணு, ரெண்டு வாரம். எலும்பு வேலையும் சேர்ந்தா வீக்கம் அதிகம், தையலும் இருக்கும். ரெண்டு மூணு நாள் லீவு எடுத்து வைங்க. முதல் நாள் சூடா எதுவும் வேண்டாம், ஸ்ட்ரா வேண்டாம், காறித் துப்ப வேண்டாம், சிகரெட் தொடவே கூடாது. குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தா சொன்ன நாளோட நிறுத்துங்க. அதிக நாள் போனா பல்லுல கறை பிடிக்கும்.

சாப்பாட்டுக்கு நம்ம கரிசக்காடே போதும். ஆறின கஞ்சி, உமியில்லாம கரைச்ச கம்மங்கூழ், மோர், குழைஞ்ச சாதம். தனியா புரோட்டீன் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. ஊருக்கு வந்திருக்கோமேன்னு கோவில்பட்டி கடலைமிட்டாயைக் கடிச்சுடாதீங்க! 2020-ல புவிசார் குறியீடு வாங்கின மிட்டாய்தான், ஆனா ரெண்டு வாரத்துக்கு அது உங்களுக்கு எதிரி.

தையல் பிரிக்க ஒரு வாரம், பத்து நாள் கழிச்சு திரும்பப் போகணும். சென்னையில பண்ணிட்டு இடைசெவலுக்கு ஓய்வுக்கு வந்தா, போக வர டிக்கெட், இன்னொரு நாள் சம்பளம் எல்லாம் கணக்குல ஏறும். எங்க தங்கப் போறீங்களோ அந்தப் பக்கமே பண்ணிக்கோங்க. அதோட, முன்பல்லுக்கு உறை போடுற பேக்கேஜும் சேர்த்துச் சொன்னாங்கன்னா முழுத் தொகையையும் முதல் நாளே கட்டாதீங்க. எலும்பு வேலை செஞ்ச இடத்துல ஈறு விளிம்பு நிலைக்க மூணுல இருந்து ஆறு மாசம் ஆகும், உறைக்கு அளவு எடுக்கிறதே அதுக்கப்புறம்தான். அந்தப் பணம் அதுவரைக்கும் உங்க கணக்குலயே இருக்கட்டும்.