மேக்ரோ படத்துக்குப் பழைய லென்ஸே போதும்

பழைய லென்ஸ் என்றதுமே இரண்டு கட்சிகள் கிளம்பிவிடும். அந்தக் காலத்துக் கண்ணாடிக்கு ஈடு இணை இல்லை என்று உருகுவது ஒரு கட்சி. இன்றைய கேமராவில் ஐம்பது வருடத்துப் பழசை மாட்டுவது வீண் வேலை என்பது மறு கட்சி. இரண்டுமே பொத்தாம்பொதுவான பேச்சுதான். பறக்கும் பறவைக்கும் ஓடும் பந்துக்கும் பழைய லென்ஸ் சரிப்பட்டு வராது. ஆனால் பூவின் மகரந்தம், நாணயத்தின் எழுத்து, கைக்கடிகாரத்தின் பல்சக்கரம் என்று பொருளை நெருங்கிப் போய்ப் பெரிதாக எடுக்கும் மேக்ரோ படத்தில் கணக்கு வேறு. பழைய லென்ஸில் இல்லாத வசதிகள் மேக்ரோவுக்கு அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. மேக்ரோ கேட்கும் தெளிவோ அதில் தாராளமாகவே இருக்கிறது.

நிக்கானின் மைக்ரோ நிக்கோர் வரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் முதல் லென்ஸ் 1956-ல் வந்தது. நூல்களையும் ஆவணங்களையும் மைக்ரோஃபிலிமில் சுருக்கிப் பதிவதுதான் அதன் முக்கிய வேலை. கோடுகள் நெருக்கமாக அமைந்த ஜப்பானிய கான்ஜி எழுத்துகளைச் சிறு பிலிமில் பதித்தாலும் ஒவ்வொரு கோடும் பிரிந்து தெரிய வேண்டும். பக்கத்தின் நடுவில் எவ்வளவு தெளிவோ, மூலையிலும் அவ்வளவு தெளிவு வேண்டும். 1961-ல் எஸ்.எல்.ஆர். கேமராவுக்காக வந்த 55 மி.மீ. எஃப்/3.5 லென்ஸும் இதே வழியில் வந்ததுதான். உள்ளே ஐந்தே கண்ணாடிகள். முன் கண்ணாடி குழலுக்குள் ஆழமாகப் பதிந்திருப்பதால் பக்கவாட்டு வெளிச்சம் அதன்மேல் சுலபமாக விழாது. வேகமும் மங்கலான பின்னணியின் அழகும் இதன் இலக்காக இருக்கவில்லை. நெருக்கத்தில் துல்லியம் என்ற ஒன்றையே குறியாக வைத்துச் செய்த பொருள், இன்றும் அந்த வேலையில் சோடை போவதில்லை.

இதைப் புதிய கேமராவில் பொருத்துவதும் பெரிய வித்தையல்ல. நிக்கான் எஃப் வகை லென்ஸ், பிலிமிலிருந்தோ சென்சாரிலிருந்தோ 46.5 மி.மீ. தள்ளி உட்கார வேண்டும். கண்ணாடிப் பெட்டி இல்லாத மிரர்லெஸ் கேமராக்களில் இந்த இடைவெளி மிகக் குறைவு: நிக்கான் இசட் வகையில் 16 மி.மீ., சோனி இ வகையில் 18 மி.மீ. மீதி 30.5 அல்லது 28.5 மில்லிமீட்டரை நிரப்ப உள்ளே கண்ணாடியே இல்லாத வெற்று உலோக வளையம் ஒன்று போதும். அதுதான் அடாப்டர். நடுவில் புதுக் கண்ணாடி எதுவும் வராததால் படத்தின் தரம் குறைவதில்லை. சோனி கேமராவில் லென்ஸ் இல்லாமலே படமெடுக்க அனுமதிக்கும் அமைப்பை மெனுவில் இயக்கிவிட்டால் வேலை தொடங்கிவிடும். அபர்ச்சரைக் கையால் சுருக்கினால் பழைய எஸ்.எல்.ஆரில் காட்சி இருண்டுபோகும். மின்னணுத் திரையோ அந்த இருட்டைத் தானே ஈடுகட்டிக் காட்டும். ஃபோகஸ் பிடிக்க வேண்டிய இடத்தைத் திரையில் பல மடங்கு பெரிதாக்கியும் பார்க்கலாம். இந்த லென்ஸ்கள் புதிதாக விற்பனையான நாளில் அவற்றை வைத்திருந்தவர்களுக்கு இந்த வசதி கிடைக்கவில்லை.

ஆட்டோஃபோகஸ் இல்லையே என்பது முதல் ஆட்சேபம். பொருள் தன் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது, முழு அளவு சென்சார் கேமராவில் எஃப்/8 வைத்தாலும் தெளிவாகத் தெரியும் ஆழம் 1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும். அந்த 1 மி.மீ. எறும்பின் கண்ணிலா மீசையிலா என்பதைத் தீர்மானிக்க வேண்டியது படமெடுப்பவர். அதனால்தான் புதிய லென்ஸ் வைத்திருப்பவர்களிலும் பலர் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டு, கேமராவையே மயிரிழை முன்னும் பின்னும் நகர்த்தி எடுக்கிறார்கள். நீண்ட தூரம் நிதானமாகச் சுழலும் பழைய ஃபோகஸ் வளையம் இந்த வேலைக்கு வாகானது.

அதிக மெகாபிக்சல் சென்சார் பழைய கண்ணாடியின் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது அடுத்த ஆட்சேபம். தூரக் காட்சிகளில் இதில் நியாயம் உண்டு. மேக்ரோவில் ஒளியின் இயல்பே எல்லையை வகுத்துவிடுகிறது. உண்மை அளவில் எடுக்கும்போது எஃப்/11 என்று வைத்த துளை, நடைமுறையில் எஃப்/22 போல வேலை செய்யும். அவ்வளவு சிறிய துளை வழியே வரும் ஒளி சற்றுச் சிதறி, நுண்விவரத்தை மழுங்கடிக்கும். அரை லட்சம் கொடுத்து வாங்கிய லென்ஸுக்கும் இதில் சலுகை கிடையாது. எதிர்வெளிச்சத்தில் பழைய லென்ஸ் கொஞ்சம் வெளிறிப்போவதும், ஓரங்களில் நிறக்கோடு தெரிவதும் மெய்தான். இவற்றைக் கணினியில் பெருமளவு சரிசெய்துவிடலாம்.

சரிசெய்ய முடியாத குறைகளும் உண்டு. 1961-ன் முதல் வடிவத்தைத் தவிர, மற்ற 55 மி.மீ. லென்ஸ்கள் தனியாகப் பாதி அளவுவரைதான் போகும். முழு அளவுக்கு 27.5 மி.மீ. இடைவளையம் சேர்க்க வேண்டும். அப்போது லென்ஸின் முனை பொருளுக்குச் சில சென்டிமீட்டர் அருகில் போய்விடும். லென்ஸின் நிழலே விழும், பட்டாம்பூச்சியானால் பறந்துவிடும். பூச்சிகளை எடுக்க விரும்புவோர் டாம்ரானின் 90 மி.மீ. போன்ற நீண்ட பழைய லென்ஸ்களைப் பார்ப்பது நல்லது. 1977-க்கு முந்தைய நிக்கான் லென்ஸ்களை மாற்றியமைக்காமல் பிற்கால நிக்கான் டி.எஸ்.எல்.ஆர். பலவற்றில் மாட்டினால் கேமராவின் பாகம் சேதமாகலாம். மிரர்லெஸ் அடாப்டரில் அந்த ஆபத்து இல்லை.

பழசை வாங்குமுன் ஒரு டார்ச் கையிலிருக்கட்டும். பின்பக்கமிருந்து அடித்துப் பார்த்தால் சிலந்தி இழைபோல் பூஞ்சை தெரியும். கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றில் அது சீக்கிரம் படரும். அபர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்னாளில் வந்த 55 மி.மீ. எஃப்/2.8 லென்ஸில் இது அடிக்கடி காணப்படும் கோளாறு. இந்த இரண்டும் இல்லாத லென்ஸ் நியாயமான விலையில் கிடைத்தால், மேக்ரோ பழக விரும்புகிறவர் தயங்காமல் வாங்கலாம். மிச்சமாகும் பணத்தை நல்ல முக்காலிக்கும் விளக்குக்கும் செலவிடுங்கள்; படத்தின் தரம் அவற்றால்தான் அதிகம் உயரும்.