ஒரே நிபந்தனை, இரண்டு விடைகள்

புத்தளம் கடலோரப் படகுகளின் பதிவேடு ஒன்று எஸ்கியூஎல் சேர்வர் தரவுத்தளத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். இறங்குதுறை ‘உடப்பு’ என்று தரவுத்தளத்தைக் கேட்டால் 40 படகுகள் வருகின்றன. அதே நிபந்தனையை நினைவகத்தில் ஏற்றிய பட்டியலில் ஓட்டினால் 38தான். நிரலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. அதைக் கணிக்கும் இடம் மட்டுமே மாறியிருக்கிறது.

சி ஷார்ப் நிரல்மொழியில் தரவைக் கேட்க 2007இல் வெளியான லிங்க் வசதி, தரவுத்தளத்துக்கான நிபந்தனையை மரவடிவில் கட்டிவைக்கிறது. எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் என்ற நூலகம் அம்மரத்தை எஸ்கியூஎல் ஆக மொழிபெயர்க்கிறது. நினைவகப் பட்டியலில் மொழிபெயர்ப்பே கிடையாது; சி ஷார்ப் விதிகளே ஆள்கின்றன.

காணாமல்போன இரண்டு படகுகளிலும் ‘உடப்பு’க்குப் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருந்தது. சமம் பார்க்கும்போது எஸ்கியூஎல் சேர்வர் கடைசி இடைவெளியைப் பொருட்படுத்தாது. சி ஷார்ப் விடாது. வெற்றுப் புலமும் இப்படித்தான். சங்கத்தில் சேராத படகுக்குச் சங்கத்தின் பெயரைக் கேட்டால் தரவுத்தளம் வெறுமையைத் தந்துவிட்டுப் போகும். நினைவகத்தில் நிரல் பிழையோடு நின்றுவிடும்.

தமிழ்த் தரவில் இன்னொரு பொறி உண்டு. ‘நுரைச்சோலை’யில் உள்ள ஓகாரக் குறியை யுனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடே தெரியாது. சி ஷார்ப்பின் சமக்குறிக்கோ அவை இரண்டு ஊர்கள். எத்தனை முறை உற்றுப் பார்த்தாலும் கண்ணுக்கு அகப்படாத பிழை என்பதால், சேமிக்கும்போதே எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவதுதான் பாதுகாப்பு.

எண்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரின் தொடக்கப் பதிப்புகளில், மொழிபெயர்க்க முடியாத நிபந்தனை வந்தால் நூலகம் அட்டவணை முழுவதையும் இழுத்துவந்து நினைவகத்தில் வடிகட்டியது. சில நூறு வரிகளில் யாருக்கும் தெரியாது. இலட்சக்கணக்கில் சேர்ந்ததும் செயலி திணறும். 2019இல் வந்த 3.0 பதிப்பு இதை நிறுத்தியது. இறுதித் தெரிவைத் தவிர மற்ற இடங்களில் இப்போது பிழைச்செய்திதான் வரும். பழைய நிரல்கள் பல உடைந்தாலும் முடிவு சரியானதே.

அப்பிழைச்செய்தியை அடக்க, பின்வருவதை நினைவகத்துக்கு மாற்றும் ‘அஸ்இனியூமரபிள்’ கட்டளையை வடிகட்டலுக்கு முன்னால் போடுவது பழைய சுமையைத் திரும்ப அழைப்பதாகும். தரவுத்தளம் செய்யக்கூடிய வடிகட்டலை எல்லாம் முடித்த பிறகே அதற்கு இடம்.

சந்தேகம் வந்தால் 5.0 பதிப்பிலிருந்து கிடைக்கும் ‘டுகுவெரிஸ்ட்ரிங்’ மூலம் எஸ்கியூஎல்லை அச்சிட்டுப் பார்க்கலாம். அதில் ‘வெயர்’ பகுதியில் நிபந்தனை இல்லையென்றால் வடிகட்டல் நினைவகத்தில் நடக்கிறது. சோதனையையும் நினைவகத் தரவுத்தளத்தில் ஓட்டாமல், செயலி நிஜத்தில் பயன்படுத்தும் தரவுத்தளத்திலேயே ஓட்ட வேண்டும். மைக்ரோசொஃப்டும் அதையே பரிந்துரைக்கிறது.