ஒரே பெயரில் எழுபது பேர்

செகந்திராபாத் பார்க்லேனில் உள்ள சினாய் டிரேட் சென்டரை ஹைதராபாத்காரர்கள் சிடிசி என்பார்கள். கம்ப்யூட்டர் வாங்கவும் ரிப்பேர் பார்க்கவும் ஊரே போகும் இடம். இதுபோன்ற கடைகளுக்கு வரும் வழக்கமான புகார் ஒன்று உண்டு: சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் ஒரே பெயரில் எழுபது பிராசஸ் ஓடுகிறது, வைரஸாகத்தான் இருக்கும்.

அந்தப் பெயர் பெரும்பாலும் எஸ்விசிஹோஸ்ட். விண்டோஸின் பல சர்வீஸ்கள் டிஎல்எல் கோப்புகளாக இருக்கின்றன. டிஎல்எல் தனியாக ஓடாது. அதை ஏற்றி ஓட்டுவது எஸ்விசிஹோஸ்டின் வேலை. முன்பெல்லாம் ஒரே எஸ்விசிஹோஸ்டில் பல சர்வீஸ்கள் கூட்டுக்குடும்பம் நடத்தின. ஒன்று படுத்தால் மற்றவையும் படுத்துவிடும். 2017இல் வந்த விண்டோஸ் 10 கிரியேட்டர்ஸ் அப்டேட், 3.5 ஜிபிக்கு மேல் ராம் உள்ள கணினிகளில் பெரும்பாலான சர்வீஸ்களைத் தனிக்குடித்தனம் அனுப்பியது. எண்ணிக்கை எகிறியது அதனால்தான்.

ஆகவே தலையை எண்ணிப் பயனில்லை, முகவரியை விசாரிக்க வேண்டும். பெயர்மேல் ரைட் கிளிக் செய்து கோப்பு இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள். அசல் எஸ்விசிஹோஸ்ட், விண்டோஸ் ஃபோல்டருக்குள் சிஸ்டம்32இல் இருக்கும். 32-பிட் பிரதி சிஸ்வாவ்64இல் இருக்கும். டெம்ப்பிலோ ஆப்டேட்டாவிலோ இருந்தால் போலி. எழுத்துகளையும் கவனியுங்கள்: ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் உட்கார்ந்திருக்கலாம்.

சில மால்வேர்கள் அசல் எஸ்விசிஹோஸ்டையே கிளப்பி, அதன் நினைவகத்துக்குள் தங்கள் நிரலைத் திணித்துவிடும். அப்போது முகவரி சரியாகவே இருக்கும். அடுத்து பார்க்க வேண்டியது, அதைக் கிளப்பியது யார் என்று. வழக்கமாக அது சர்வீசஸ்.எக்ஸியாக இருக்க வேண்டும். மார்க் ருசினோவிச் எழுதிய இலவச மென்பொருளான பிராசஸ் எக்ஸ்ப்ளோரர், இந்த வம்சாவளியையும் டிஜிட்டல் கையொப்பத்தையும் காட்டும். நம் கணினியின் சக்தியைத் திருடி கிரிப்டோ நாணயம் ஈட்டும் மைனர்களில் சில இன்னும் தந்திரமானவை. டாஸ்க் மேனேஜரைத் திறந்ததும் வேலையை நிறுத்திவிடும். அதுவரை இரைந்த ஃபேன் அடங்கும். மூடினால் மறுபடி இரையும்.

சந்தேகம் வந்ததும் கண்டபடி ‘எண்ட் டாஸ்க்’ அழுத்தாதீர்கள். சில சர்வீஸ்களை நிறுத்தினால் விண்டோஸே கவிழ்ந்து ரீஸ்டார்ட் ஆகும். முதலில் இன்டர்நெட்டைத் துண்டித்துவிட்டு ஸ்கேன் செய்யுங்கள். 2017 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் பாட் எனும் மால்வேரை நீக்கும் கருவிகள் இலவசம். அங்கே அறிமுகமான ஆப்சம்வித் என்ற மென்பொருள், ஹைதராபாத் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. அது கெட்டவற்றைத் தேடி அலையாது. அனுமதிக்கப்பட்டவற்றின் பட்டியலில் இருப்பதை மட்டும் ஓடவிடும். புதுப்புது பெயரில் வரும் மால்வேருக்கு எதிராக இந்த முறைக்கு வலு அதிகம்.

இத்தனை சோதனையிலும் எதுவும் சிக்காமல், டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நிற்கிறதா? அப்டேட்டும் தேடல் இன்டெக்ஸிங்கும் பழைய ஹார்ட் டிஸ்க்கைப் பிழிந்துகொண்டிருக்கலாம். அதற்கு மருந்து எஸ்எஸ்டி.