வீல் பேரிங்கை ஏன் சுத்தியலால் அடிக்கக் கூடாது?

புது பேரிங் போட்டுக் கொஞ்ச நாள்கூட ஆகவில்லை, முன்சக்கரத்தில் மறுபடி 'ஊம்' என்று இரைச்சலா? பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன், அதை எப்படிப் பொருத்தினார்கள் என்று கேளுங்கள்.

வெளிவளையம், உள்வளையம், நடுவே எஃகுக் குண்டுகள். குண்டு வளையத்தைத் தொடும் இடம் கடுகளவு இருந்தாலே அதிகம். சுமை முழுவதும் அங்கே குவிகிறது. அழுத்தம் 4,200 மெகாபாஸ்கலை எட்டினால், குண்டின் விட்டத்தில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கு நிரந்தரமாக நசுங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. அதைவிட ஆழமாகப் பதிந்த குழிகளில் குண்டுகள் இடறி இடறி ஓடுவதுதான் அந்த இரைச்சல்.

அதனால்தான் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளுக்குள் பேரிங்கை இறக்கும்போது பிரஸ் வெளிவளையத்தை மட்டுமே தள்ள வேண்டும். சக்கரம் மாட்டும் ஹப்பை ஏற்றும்போது உள்வளையத்துக்கு அடியில் முட்டுக் கொடுக்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் பாயும். சுத்தியல் அடி இன்னும் மோசம்.

ஏபிஎஸ் வண்டிகள் பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்க சீலில் காந்தப் பட்டை இருக்கும். அது சக்கர வேகத்தை அளக்கும் சென்சார் பக்கம் வர வேண்டும். ஆக்சில் நட்டை டார்க் ரெஞ்சால் குறித்த அளவுக்கு இறுக்கிய பிறகே சக்கரத்தின் மீது பாரத்தை இறக்குங்கள். இரண்டு துண்டாக இருக்கும் உள்வளையத்தைச் சேர்த்துப் பிடிப்பது அந்த நட்டுதான்.