13 வார நர்ஸ்

அமெரிக்காவின் கிராமப்புறங்களில் 'கிரிட்டிக்கல் ஆக்சஸ்' என்ற வகையைச் சேர்ந்த சிறு மருத்துவமனைகள் 1,300க்கும் மேல் இருக்கின்றன. 1997ஆம் ஆண்டுச் சட்டம் உருவாக்கிய வகை இது. உள்நோயாளிப் படுக்கைகள் 25ஐத் தாண்டக் கூடாது. பக்கத்து மருத்துவமனை 35 மைலுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்பது பொதுவிதி. ஆனால் அவசர சிகிச்சைப் பிரிவு மட்டும் இரவு பகல் பாராமல் இயங்கியாக வேண்டும். டாக்டர் எந்நேரமும் கட்டடத்துக்குள்ளேயே இருக்க வேண்டியதில்லை. அழைத்தால் பெரும்பாலான இடங்களில் 30 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால் போதும். அந்த அரை மணி நேரமும் நோயாளியின் உயிர் நர்ஸின் கையில். அந்த நர்ஸ், ஏஜென்சி மூலம் 13 வார ஒப்பந்தத்தில் வேறு மாநிலத்திலிருந்து வந்த 'டிராவல் நர்ஸ்' ஆகவும் இருக்கலாம். இவர்களால் செலவு ஏறுகிறது, சிகிச்சையின் தரம் குறைகிறது என்ற பேச்சு அங்கே அடிக்கடி எழுகிறது. வந்தவரைக் குறை சொல்வதைவிட, வந்தவருக்கு மருத்துவமனை எதைக் கற்றுக்கொடுத்தது என்று கேட்பதே சரி என்பது என் கருத்து.

வெளியூர் நர்ஸ் எதற்கு என்பதைச் சாதாரணக் கணக்கே சொல்லிவிடும். வாரத்துக்கு 168 மணி நேரம். 12 மணி நேர ஷிப்ட் மூன்று பார்க்கும் நர்ஸ் தருவது 36 மணி நேரம். ஒரே ஓர் இடத்தை ஓயாமல் நிரப்பவே ஏறக்குறைய ஐந்து பேர் வேண்டும். எப்போதும் இருவர் டியூட்டியில் இருக்க ஒன்பது பேருக்கு மேல் தேவை. இத்தனை சிறிய குழுவில் ஒருவர் பிரசவத்துக்குப் போனால் போதும், மற்றவர்களின் தூக்கம் கெட்டுவிடும். 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி தகுதியுள்ள ஊழியருக்கு 12 வாரம் வரை விடுப்பு உண்டு. 13 வார ஒப்பந்தம் அந்த இடைவெளியில் கச்சிதமாகப் பொருந்துகிறது. சொந்த மாநிலத்தில் பெற்ற ஒரே உரிமம் சுமார் 40 மாநிலங்களில் செல்லும் வகையில் மாநிலங்களுக்கிடையே உடன்பாடும் இருப்பதால், ஆளை விரைவில் வரவழைக்க முடிகிறது.

வருகிறவர் கைத்திறனோடுதான் வருகிறார். யாரை முதலில் பார்ப்பது என்று ஐந்து படிநிலைகளில் தரம்பிரிக்க அவருக்குத் தெரியும். மாரடைப்போடு வந்தவருக்கு, வசதியுள்ள வேறு மருத்துவமனைக்கு அனுப்பி 120 நிமிடத்துக்குள் அடைப்பை நீக்க முடியாதென்றால், வந்த 30 நிமிடத்துக்குள் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து தொடங்க வேண்டும் என்பதும் தெரியும். வலிப்பு வந்த குழந்தையைப் பெற்றோர் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறார்கள் என்று வையுங்கள். எடை பார்க்க நேரமில்லை. 'பிராஸ்லோ டேப்' என்ற வண்ணப் பட்டையைத் தலையிலிருந்து குதிகால்வரை குழந்தையின் பக்கத்தில் விரிக்கிறார்கள். குதிகால் எந்த நிறத்தில் முடிகிறதோ, அந்தக் கட்டத்தில் மருந்தின் அளவும் குழாயின் அளவும் அச்சிட்டிருக்கும். எந்த ஊர் நர்ஸுக்கும் இது பழக்கம். ஆனால் அந்த டேப் இங்கே எந்த டிராயரில் இருக்கிறது? மருந்து அலமாரியின் கடவு எண் என்ன? ஓ நெகட்டிவ் ரத்தம் எத்தனை பை கையிருப்பில் இருக்கிறது? பனிமூட்டத்தில் ஹெலிகாப்டர் வராவிட்டால் அடுத்து யாரை அழைப்பது? இவற்றை எந்தப் பாடநூலும் சொல்லித் தராது. சிறு மருத்துவமனைகளில் இந்த விவரங்கள் பெரும்பாலும் பழைய ஊழியர்களின் மனதில்தான் இருக்கும்.

புதியவர் கையில் நோயாளிக்குப் பாதுகாப்பு குறையாதா என்று கேட்கலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு நர்ஸ் கவனிக்கும் அறுவைச் சிகிச்சை நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினால், அவர்கள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு விகிதமும் 7 சதவீதம் கூடுவதைக் கண்டார்கள். இடத்தைக் காலியாக விடுவதன் ஆபத்து அதிலேயே தெரிகிறது. ஏஜென்சி நர்ஸ்களைப் பற்றி அந்தக் குழு பின்னர் ஆராய்ந்தபோது, மருத்துவமனையின் பணிச்சூழலையும் கணக்கில் எடுத்துக்கொண்டதும் அவர்களுக்கும் இறப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. சிறு ஊர் அவசரப் பிரிவை நேரடியாக அளந்த ஆய்வுகள் அல்ல இவை. ஆனாலும் ஆளின் முகவரியைவிட அவர் வேலை செய்யும் சூழலே முக்கியம் என்பதை இவை வலுவாகக் காட்டுகின்றன.

செலவு பற்றிய கேள்வி இன்னும் கடினமானது. கோவிட் காலத்தில் டிராவல் நர்ஸ்களின் வாரச் சம்பளம் பல ஆயிரம் டாலருக்கு ஏறியது. பக்கத்தில் நின்று அதே வேலையைப் பார்த்த உள்ளூர் நர்ஸ்களின் மனக்கசப்பில் நியாயம் இருக்கிறது. 2010க்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட கிராமப்புற மருத்துவமனைகள் மூடப்பட்ட நாட்டில் ஒவ்வொரு டாலரும் கனக்கத்தான் செய்யும். நிரந்தர ஊழியரின் சம்பளத்தை உயர்த்தி அவர்களைத் தக்கவைத்துக்கொள்வதே நீண்டகால வழி. ஆனால் எவ்வளவு உயர்த்தினாலும் பிரசவமும் நோயும் ஓய்வும் வரத்தான் செய்யும். அந்த ஐந்து பேர் கணக்கு மாறாது. இவ்வளவு கொடுத்து ஒருவரை அழைத்துவிட்டு, அறிமுகத்துக்கு ஒரு ஷிப்டுக்கு மேல் ஒதுக்க முடியாது என்று சொல்வதுதான் உண்மையான வீண்செலவு.

முதல் இரண்டு ஷிப்டுகளில் புதியவருக்குத் தனியாக நோயாளியைக் கொடுக்காமல் உள்ளூர் நர்ஸ் ஒருவரோடு இணைக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது, யாரை எப்போது அழைப்பது என்பதை ஒரே தாளில் எழுதி மாட்ட வேண்டும். இதனால் உள்ளூர்க்காரருக்கும் பயன் உண்டு. எல்லாம் தெரிந்த மூத்த நர்ஸ் ஒருநாள் ஓய்வுபெறுவார். அவர் மனதில் இருந்ததெல்லாம் அவரோடு வாசலைத் தாண்டிப் போய்விடும். டேப் எந்த டிராயரில் இருக்கிறது என்று புதியவருக்காக எழுதி வைத்த வரி, அன்று சொந்த ஊர்க் குழந்தைக்கே உதவும்.