ஜூன் 24-ல் ரெண்டு பிறந்த நாள்: பாட்டு காரைக்குடி, மெட்டு பாலக்காடு!

காரைக்குடி, ஜூன்.24-

காரைக்குடியில் உள்ள கவியரசு கண்ணதாசன் மணிமண்டபத்தில் ஆண்டுதோறும் ஜூன் 24-ந்தேதி அரசு சார்பில் அவரது சிலைக்கு மாலை அணிவித்து மரியாதை செய்வது வழக்கம். அரசு விழா என்றாலே முதலில் தமிழ்த்தாய் வாழ்த்துதான். அந்த வாழ்த்துக்கு மெட்டு போட்டவர் மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன். அவருக்கும் இதே ஜூன் 24-ந்தேதிதான் பிறந்த நாள். இது நிறைய பேருக்கு சட்டென்று ஞாபகத்துக்கு வராது.

ரெண்டு பேரும் ஒரே நாளில் பிறந்தவர்கள் என்று சொன்னால் சிலர் ஒரே வருஷம் என்றும் நினைத்துக் கொள்கிறார்கள். அது தப்பு. கண்ணதாசன் பிறந்தது 1927. விஸ்வநாதன் 1928. சரியாக ஒரு வயசு கவிஞர் மூத்தவர்.

தேதி ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் ரெண்டு பேரும் ஏறி வந்த படியும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

7 ஆயிரம் ரூபாய்க்கு தத்து

கண்ணதாசனுக்கு வீட்டில் வைத்த பெயர் முத்தையா. ஊர் காரைக்குடி பக்கம் சிறுகூடல்பட்டி. சின்ன வயசிலேயே அவரை 7 ஆயிரம் ரூபாய்க்கு உறவுக்கார ஆச்சி ஒருவருக்கு தத்து கொடுத்துவிட்டார்கள். படிப்பு எட்டாம் வகுப்போடு சரி.

விஸ்வநாதனின் ஊர் பாலக்காடு பக்கம் எலப்புள்ளி. தாய்மொழி மலையாளம். நாலு வயசில் அப்பாவை இழந்தார். தாத்தா வீட்டில் வளர்ந்தார். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் பாட்டு கற்றுக்கொண்டார். சினிமா கொட்டகையில் தின்பண்டம் விற்ற காலமும் அவருக்கு உண்டு. பிறகு கோவைக்கு வந்து, ஜூபிடர் பிக்சர்ஸ் கம்பெனியில் எடுபிடி பையனாக வேலைக்கு சேர்ந்தார். அங்கே இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவுக்கு உதவியாக இருந்தபடி ஆர்மோனியத்தில் மெட்டு போட்டு பார்ப்பார்.

கண்ணதாசனுக்கு முதல் சினிமா பாட்டு வாய்ப்பு வந்ததும் அதே ஜூபிடரில்தான். படம், 1949-ல் வந்த 'கன்னியின் காதலி'.

ஜூபிடர் சென்னைக்கு இடம் மாறியபோதுதான் விஸ்வநாதனுக்கு வழி திறந்தது. இந்த பையன் போட்ட மெட்டெல்லாம் என் பெயரில் வந்திருக்கிறது, இவனை கைவிட்டுவிடாதீர்கள் என்று முதலாளியிடம் சுப்பையா நாயுடுவே சொன்னாராம். அந்த காலத்தில் மட்டும் இல்லை, இந்த காலத்திலும் இப்படி சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்?

அதன்பிறகு சி.ஆர்.சுப்பராமன் குழுவுக்கு போனார். அங்கே வயலின் வாசித்தவர் திருச்சி டி.கே.ராமமூர்த்தி. 1952-ல் சுப்பராமன் திடீரென இறந்துபோக, பாதியில் நின்ற படங்களை ரெண்டு பேரும் சேர்ந்து முடித்து கொடுத்தார்கள். அதே வருஷம் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இவர்கள் இரட்டையர் ஆனார்கள். 1963-ல் மெல்லிசை மன்னர்கள் என்ற பட்டம் கிடைத்தது. 1965-ல் பிரிந்தார்கள். ரெண்டு பேரும் மறுபடி சேர்ந்து ஒரு படத்துக்கு இசையமைக்க 30 வருஷம் ஆனது.

மெட்டு முதலா, பாட்டு முதலா?

சினிமா பாட்டு உருவாகிற விதம் தெரிந்தால்தான் இந்த கூட்டணியின் பலம் புரியும். டைரக்டர் முதலில் காட்சியை சொல்வார். இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டு போட்டு, 'தன்னன்னா' என்று வாயால் சந்தம் சொல்வார். தத்தகாரம் என்பது இதைத்தான். குறில், நெடில் இடறாமல் அந்த அளவுக்குள் கவிஞர் வார்த்தையை உட்கார வைக்க வேண்டும். சில நேரம் கவிஞர் முதலில் எழுதி கொடுப்பார், அதற்கு மெட்டு போடுவார்கள். இவர்கள் ரெண்டு விதமாகவும் செய்தார்கள்.

கண்ணதாசன் பெரும்பாலும் பேனா பிடித்து எழுத மாட்டார். சொல்ல சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். பல காலம் அப்படி எழுதியவர் அவரது அண்ணன் மகன் பஞ்சு அருணாசலம். 1976-ல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜாவை கொண்டு வந்தாரே, அதே பஞ்சு அருணாசலம்தான்.

கவிஞர் லேட்டாக வந்தார், எம்.எஸ்.வி. கோபித்துக்கொண்டார், அதையே கவிஞர் பல்லவி ஆக்கிவிட்டார் என்று மேடைக்கு மேடை கதை சொல்வார்கள். கேட்க ஜோராக இருக்கும். எல்லாவற்றையும் அப்படியே நம்ப வேண்டியது இல்லை.

கதையை விடுங்கள். இவர்கள் வேலை செய்த விதத்தை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் 1980-ல் வந்த கே.பாலசந்தரின் 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தை போட்டு பார்த்தால் போதும். ஒரு பாட்டில் ஸ்ரீதேவி வெறும் சந்தத்தை பாடி சவால் விடுவார். கமல்ஹாசன் உடனுக்குடன் வார்த்தை போட்டு நிரப்புவார். மெட்டு கோணலாக வளைய வளைய வார்த்தையும் வளைந்து போய் உட்காரும். எஸ்.பி.பாலசுப்பிரமணியமும் எஸ்.ஜானகியும் பாடிய பாட்டு அது. எம்.எஸ்.வி.யும் கண்ணதாசனும் எதிரெதிரே உட்கார்ந்து செய்த வேலையே அங்கே காட்சியாக ஓடுகிறது.

'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' மூன்றும் 1961 என்ற ஒரே வருஷத்தில் வந்த படங்கள். மூன்றிலும் இதே கூட்டணி. அப்போது கவிஞருக்கு 34 வயசு, எம்.எஸ்.வி.க்கு 33.

விருது ஒருவருக்கு

பாட்டுக்கு தேசிய விருது கொடுக்க ஆரம்பித்தபோது முதல் விருதே கண்ணதாசனுக்குத்தான் வந்தது. 1968-ல் வெளியான 'குழந்தைக்காக' படத்துக்காக கிடைத்தது. அந்த படத்துக்கும் இசை எம்.எஸ்.வி.தான். ஆனால் கடைசி வரை எம்.எஸ்.வி.க்கு தேசிய விருதும் வரவில்லை, பத்ம விருதும் வரவில்லை. ரசிகர்களுக்கு இந்த வருத்தம் இன்னும் தீரவில்லை. 2012-ல் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா, எம்.எஸ்.வி., ராமமூர்த்தி ரெண்டு பேருக்கும் 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டமும் பொற்காசும் காரும் கொடுத்து கவுரவித்தார்.

மனோன்மணீயம் சுந்தரனார் எழுதிய தமிழ்த்தாய் வாழ்த்து 1970-ல் அரசு விழாக்களுக்கு வந்தது. அதற்கு மோகன ராகத்தில் எம்.எஸ்.வி. போட்ட மெட்டைத்தான் பள்ளிக்கூட பிள்ளைகள் தினமும் பாடுகிறார்கள். 2021-ல் இது தமிழ்நாட்டின் மாநில பாடலாக அறிவிக்கப்பட்டது. மலையாளத்தை தாய்மொழியாக கொண்டவர் தமிழ்த்தாய்க்கு மெட்டு போட்டார் என்பது குறிப்பிடத்தக்கது.

ஜூன் 24-க்கு வெளிநாட்டிலும் ஆள் உண்டு. இங்கிலாந்தின் கிடார் கலைஞர் ஜெப் பெக் (1944), டிரம்ஸ் கலைஞர் மிக் பிளீட்வுட் (1947) இருவரும் இதே தேதியில் பிறந்தவர்கள்தான்.

34 பிறந்த நாள்

1981-ல் அமெரிக்கா போன கண்ணதாசன் அக்டோபர் 17-ந்தேதி சிகாகோ ஆஸ்பத்திரியில் இறந்தார். வயசு 54. அவரது கடைசி சினிமா பாட்டு மறுவருஷம் 'மூன்றாம் பிறை'யில் வந்தது. அதற்கு இசை இளையராஜா.

அதற்கு பிறகு எம்.எஸ்.வி.க்கு 34 ஜூன் 24 வந்தது. ஒவ்வொன்றும் அவருக்கு பிறந்த நாள், இல்லாத நண்பருக்கும் பிறந்த நாள். 87 வயசு முடிந்து 20-வது நாள், 2015 ஜூலை 14-ந்தேதி எம்.எஸ்.வி.யும் காலமானார்.

கவிஞரின் நூற்றாண்டு தேதி 2027 ஜூன் 24. மெல்லிசை மன்னருக்கு மறுவருஷம் அதே தேதியில் 100.